பச்சை வளையம்

உடைந்த வளையத்தை ஜீப் டிரைவர் அமாவாசை, ஏலக்காய்ச் சாம்பிள் கட்டும் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மலையிலிருந்து இறங்கிய ஜீப்பைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்திவிட்டு, வாட்ச்மேனிடம் வாய்ச்சண்டை போட்டு, ஆய்வுக்கூடம் வரைக்கும் நடந்தே வந்துவிட்டான்.

"மாப்ளகிட்ட குடுத்துராத, பாப்பா கையிலதான் குடுக்கணும்னு சந்திரவல்லி அக்கா சொல்லுச்சு. அது வீட்டுக்காரரு கன்னையண்ணே ஏறி விழுந்த ஏணில ஒடஞ்ச வளையம் இதுதான்" என்றான்.

பவித்ரா பையை மேசையில் கவிழ்த்தாள். இரண்டு துண்டுகள் விழுந்தன. நல்ல பச்சை, முதல் தர ஏலக்காயின் பச்சை. உடைந்த முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். முகம் பார்க்கலாம்போல வழவழவென்று மின்னியது. பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னா பாப்பா, தண்ணி வேணுமா?"

"வேணாம்ணே. நீங்க கொஞ்சம் இருங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்தத் துண்டைப் பார்த்து, சரி, உடைந்துவிட்டது என்று தூக்கிப் போட்டிருப்பார்கள். பவித்ராவால் அது முடியாது. ஆறு வருஷமாக இந்த ஆய்வுக்கூடத்தில் அவள் உடைத்ததெல்லாம் இதைத்தான். எபாக்சிப் பிசின் இறுகினால் கல்தான், மறுக்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் கீறல் விட்டால் மறுபக்கம் போய்த்தான் நிற்கும், நடுவில் தடுக்க நாதி கிடையாது. திரவ ரப்பரைக் கலந்தால் கதையே வேறு. பிசின் இறுகும்போது ரப்பர் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உருண்டைகளாகப் பிரிந்து உள்ளேயே தங்கிவிடும். ஓடிவரும் கீறல் ஒவ்வோர் உருண்டையிலும் முட்டி மோதி, பலம் குறைந்து நின்றுபோகும். ரப்பரை மட்டும் போட்டால் பொருள் தொய்ந்துவிடும். அதற்குத்தான் களிமண். சட்டிபானை செய்கிற மண் அல்ல, நானோ அளவில் ஏடு ஏடாகப் பிரியும் மண். அது பிசினுக்குள் விரவினால் விறைப்பு திரும்பி வந்துவிடும். ரப்பர் சேர்ந்த பிசின் உடைந்தாலும் உடைந்த இடம் வெளுத்து, சொரசொரவென்று இருக்கும். அடி வாங்கி, இழுபட்டு, தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

கையிலிருந்த துண்டில் வெளுப்பும் இல்லை, சொரசொரப்பும் இல்லை. ரப்பர் ஒரு சொட்டுக்கூட இல்லை.

இந்த ஏணியைச் செய்தவன் அவள் புருஷன் விஜயபாண்டி. செய்முறையை எழுதிக் கொடுத்தவள் அவள்.

எதற்காக எழுதினாள் என்பதை மலையில் எல்லோரும் அறிவார்கள். ஏலத்தோட்டத்தில் மழைக்கு முன்னால் நிழல்மரங்களைக் கவாத்து செய்ய வேண்டும். ஒற்றைக்கழி ஏணியைச் சாத்தி, இருபது இருபத்தைந்தடி ஏறிக் கிளைகளைக் கழிப்பார்கள். மூங்கில் ஏணி ஈரத்தில் உளுத்துப்போகிறதென்று அலுமினிய ஏணி வந்தது. அந்த அலுமினிய ஏணி கரண்டுக் கம்பியில் பட்டுத்தான் பவித்ராவின் அண்ணன் பாண்டியராஜ் செத்தான். அப்போது அவள் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அண்ணனை ஏணியிலிருந்து பிரித்துத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர் கன்னையன், அவனோடு ஒரே தோட்டத்தில் மரமேறியவர், முறைக்கு அவளுக்குச் சித்தப்பா. அன்றைக்கு மனதில் விழுந்ததுதான்: கரண்டு பாயாத, உளுத்துப் போகாத, ஒடியாத ஏணி. கழிக்குக் கண்ணாடி நார். மிதிக்கட்டைகளைக் கழியோடு இறுக்கிப் பிடிக்கும் வளையங்களுக்கு ரப்பரும் களிமண்ணும் சேர்ந்த எபாக்சி.

விஜயபாண்டி கல்லூரியில் அவளுக்கு ஒரு வருஷம் மூத்தவன். சிலமலைக்காரன், நிலபுலன் உள்ள குடும்பம், அப்பா போடியில் ஏலக்காய் வியாபாரி. எஸ்டேட் கூலிக்காரர் மகளைக் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான், ஒன்றரை வருஷம் வீட்டுப் பக்கமே போகவில்லை. அவளுடைய ஏணிக்காகவே சிலமலை ரோட்டில் பட்டறை போட்டான். போடிக் காற்றில் களிமண் ஈரத்தைக் குடித்துவிடுகிறது, பிசினில் குமிழி விழுகிறது என்று அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் காய்த்தட்டுகளுக்கு அடியிலேயே மண்ணையும் பரப்பி, ஒரு பகலும் ஒரு இரவும் மிதமான சூட்டில் உலர்த்தலாம் என்று கண்டுபிடித்தவனும் அவன்தான். அன்றைக்கு அவனை நினைத்து அவளுக்கு என்ன பெருமை! சே.

"அண்ணே, வண்டியெடுங்க. பட்டறைக்குப் போகணும்."

பட்டறையில் மூன்று பேர் ஏணிக் கழிகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயபாண்டி இல்லை. பவித்ரா நேரே சரக்கு அறைக்குப் போனாள். கொச்சியிலிருந்து வந்த திரவ ரப்பர், நீல டிரம்மில் மூலையில் நின்றது. மார்ச் மாதம் வந்த இரண்டாவது டிரம். மூடியில் போட்ட சீல் அப்படியே இருந்தது. கையால் தடவிப் பார்த்தாள், தூசிதான் ஒட்டியது.

அப்படியானால் அவள் சோதித்ததெல்லாம் என்ன? வாராவாரம் ஒரு துண்டு கொண்டு வருவான். "இந்த லாட்டுல அறுத்தது பவி" என்பான். அவளும் இயந்திரத்தில் வைப்பாள், சுத்தியல் ஊசலாடி வந்து அடிக்கும். அசராமல் நிற்கும் அந்தத் துண்டு. சந்தோஷமாகச் சீட்டில் கையெழுத்துப் போடுவாள். அந்தச் சீட்டு ஏணியில் ஒட்டப்பட்டு மலையேறும். போடியில் பிறந்து வளர்ந்த எவனுக்கும் தெரியும், சாம்பிள் பையில் வருவது ஒன்று, மூட்டையில் இருப்பது இன்னொன்றாக இருக்கலாம் என்று. ஏலச் சந்தையில் அதற்காகச் சட்டையைப் பிடிப்பார்கள். வீட்டுக்குள்ளேயே அது நடக்கும் என்று எவள் நினைப்பாள்? ஒரு தடவை, ஒரேயொரு தடவை, பட்டறைக்கு வந்து அவள் கையாலேயே ஒரு ஏணியிலிருந்து அறுத்திருக்கலாம். கட்டிய புருஷனைச் சந்தேகப்படுவதா என்று இருந்துவிட்டாள்.

அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் கால் லிட்டர் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே பாதி ரப்பர். வெளியே ஸ்கெட்ச் பேனாவில், விஜயபாண்டியின் சாய்ந்த எழுத்தில், ஒரே வார்த்தை.

'பவிக்கு.'

அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது. ஆத்திரம், அவமானம், எல்லாம் சேர்ந்து வந்தது. டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு டிரம்மில் சாய்ந்து அழுதாள்.

"பவி? என்னா இங்க?" வாசலில் விஜயபாண்டி நின்றான். டப்பாவைப் பார்த்தான். சமாளிக்கத் தெரிந்தவன்தான், ஆனாலும் முகம் ஒரு நொடி காட்டிக்கொடுத்துவிட்டது.

"எத்தன ஏணி?" என்றாள்.

"மொதல்ல உக்காரு."

"எத்தன ஏணில ரப்பர் இல்ல?"

"மொத லோடு எட்டு மட்டும்தான் நீ சொன்னபடி செஞ்சது. நான் சொல்றதக் கேளு. அந்த எட்டையும் ஒருத்தனும் தொடல. கலங்கலா, அழுக்கு மஞ்சளா இருந்துச்சு. பச்சை கலந்து பாத்தேன். ரப்பர் சேந்தா பச்சையும் வெளுத்துப்போயி, மழையில நனைஞ்ச காய் கணக்கா ஆயிருது. நம்ம ஊர்க்காரன் எத வாங்குனாலும் மொதல்ல நிறத்தத்தான் பாப்பான், ஒனக்குத் தெரியாதா? ரப்பர் இல்லாம ஊத்திப் பாத்தேன், பளபளன்னு நின்னுச்சு. அதுல முப்பத்திரண்டு ஏணி வித்துப்போச்சு. கையால அமுக்கிப் பாத்தாலும் முந்துனதவிட கெட்டியாத்தான் இருந்துச்சு பவி. சத்தியமா ஒடையாதுன்னுதான் நெனச்சேன்."

"கெட்டியா இருந்தா ஒடையாதா? ஏழு வருசமா என்கூடத்தான படுத்து எந்திரிக்கிறீங்க? ராப்பகலா நான் எதப்பத்தி ஒங்ககிட்டப் பேசுனேன்?"

அவன் டப்பாவை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"ஒடையாதுன்னு நெனச்சவரு எதுக்குங்க எனக்குன்னு தனி டப்பா வெச்சீங்க?"

விஜயபாண்டி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நடந்தது நடந்துபோச்சு. கன்னையன் மாமாவே கால் வழுக்கிருச்சுன்னுதான் எஸ்டேட்டுல சொல்லி எழுதவெச்சுக் குடுத்திருக்காரு. கவாத்து முடியட்டும், எல்லா வளையத்தையும் சத்தமில்லாம மாத்திருவோம். இப்ப நீ வாயத் தொறந்தா பட்டறையோட ஒன் வேலையும் போயிரும். ஏணில இருக்கறது பூரா ஒன் கையெழுத்து."

பவித்ரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மிரட்டுகிறானா, கெஞ்சுகிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. "கவாத்து எப்ப திருப்பி ஆரம்பிக்கிறாங்க?"

"நாளைக்குக் காலையில."

செவ்வாய்க்கிழமை கன்னையன் விழுந்ததிலிருந்து இரண்டு நாளாக எந்தத் தோட்டத்திலும் ஏணியைத் தொடவில்லை. வழுக்கி விழுந்தார் என்று அவர் வாயாலேயே வந்த பிறகு யாருக்கு என்ன பயம்? வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு முப்பது பேருக்குக் குறையாமல் அந்த வளையங்களை நம்பி மரமேறப்போகிறார்கள்.

டப்பாவோடு வெளியே வந்து, கன்னையனின் தோட்டத்துக் கங்காணி ராக்கையாவுக்குப் போன் போட்டாள். ஏணியில் யாரும் ஏறக்கூடாது, வளையத்தில் கோளாறு என்றாள். அவர் கொஞ்ச நேரம் உம் கொட்டிவிட்டு, பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார்.

"ஆத்தா, மாப்ள மத்தியானமே எல்லாத் தோட்டத்துக்கும் பேசிட்டாக. வீட்டுல ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம், கோவத்துல ஏணி சரியில்லேன்னு போன் பண்ணுவா, மனசுல வெச்சுக்காதீகன்னாக. புருசன் பொஞ்சாதின்னா ஆயிரம் இருக்கும். விழுந்தவனே வழுக்கிருச்சுங்கறான், நீ ஏந்தாயி கெடந்து தவிக்கிற?"

மத்தியானமே! அமாவாசை பையோடு மலையிறங்கியது எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. அவள் வளையத்தைத் திருப்பிப் பார்ப்பதற்கு முன்பே அவளைச் சண்டைக்காரியாக்கி மலை முழுக்கப் பரப்பிவிட்டான். தோட்ட முதலாளிக்கு அடித்தாள், எடுக்கவில்லை. இன்னும் நான்கு கங்காணிகளுக்கு அடித்தாள். எல்லோரும் அதே பாட்டு. ஒருவர் சிரிக்கவே சிரித்தார். பாவிப்பய, நம்பவைத்துக் கழுத்தறுத்ததோடு விடவில்லை, வாயையும் கட்டிவிட்டான்.

அன்றிரவு வீட்டுக்குப் போகவில்லை. கல்லூரி விடுதியில் ஒரு டீச்சர் அறையில் படுத்தாள், தூங்கவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஏழரை மணிக்குத்தான் வார்டுக்குள் விட்டார்கள்.

கன்னையனுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது, வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. அவளைப் பார்த்ததும் எழுந்திரிக்கப் பார்த்து வலியில் முனகினார். சந்திரவல்லி தலைமாட்டில் நின்றாள், வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"சித்தப்பா, கால் வழுக்குச்சா?"

"ஆமா தாயி. பாசி புடிச்ச மரம். நாந்தான் பராக்கு பாத்துட்டேன்."

"ஒடஞ்ச வளையத்த நான் பாத்துட்டேன் சித்தப்பா."

கன்னையன் மனைவியைப் பார்த்தார். "நாந்தேன் அமாவாசைகிட்டக் குடுத்து விட்டேன்" என்றாள் சந்திரவல்லி. "பிறகென்ன? முப்பது வருசமா மரமேறுற மனுசன் வழுக்கி விழுந்தான்னு ஊரு சிரிக்க, நான் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?"

"சும்மா கெட நீ." கன்னையன் பவித்ராவின் கையை இடது கையால் பிடித்துக்கொண்டார். "தாயி, ஏணிமேல குத்தம்னா ஒன்னயத்தான் உள்ள வெப்பாகளாம்ல. எல்லா ஏணிலயும் ஒன் கையெழுத்துதானாம்ல. மாப்ள வந்து சொன்னாக. எந்தக் காலத்துலயோ பவி கணக்குல ஒரு பெசகு பண்ணிருச்சு மாமா, அதுக்கே தெரியாது, தெரிஞ்சா தாங்காதுன்னு தேம்பித் தேம்பி அழுதாக. பாண்டியராச நாந்தான் தூக்கியாந்தேன். அவன் தங்கச்சியப் போலீசு கூட்டிட்டுப்போக நான் வுட்ருவனா? வழுக்கிருச்சுன்னு ஒரு வார்த்த. எனக்கென்ன, எப்புடியும் படுத்துத்தான கெடக்கேன்."

பெசகு பண்ணியது அவளாம்! பவித்ரா கட்டிலின் இரும்பை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பெசகு பண்ணல சித்தப்பா. நான் போடச் சொன்னத அவர் போடல. பளபளன்னு இருக்கணும்னு எடுத்துட்டாரு. எனக்குச் சோதிக்கக் குடுத்ததுல மட்டும் போட்டுக் குடுத்தாரு. நேத்துத்தான் எனக்கே தெரியும்."

கன்னையனுக்கு அது உடனே உள்ளே இறங்கவில்லை. "அப்ப மாப்ள அழுதது?" என்றார். கொஞ்சம் கழித்து, "எனக்குக் கை வெளங்கலேன்னு ஆரஞ்சுப் பழத்தச் சொளை சொளையா உரிச்சு, கொட்டையெல்லாம் எடுத்துட்டு, வாயில ஊட்டுனாகளே தாயி. எங்கப்பன் எனக்கு ஊட்டுனதில்ல" என்றார்.

சந்திரவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சித்தப்பா, மணி எட்டாகப்போகுது. நான் சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டேங்கறாங்க. நீங்க வழுக்குச்சுன்னு சொன்னதாலதான் இன்னைக்கு எல்லாரும் ஏறப்போறாங்க."

"போனப் போடு" என்றார் கன்னையன்.

பவித்ரா ஸ்பீக்கரில் போட்டாள். ராக்கையா எடுக்க நேரமாயிற்று. கன்னையன் வலியை அடக்கிக்கொண்டு கத்தினார். "கன்னையன் பேசுறேன். ஏணில எவன்டா ஏறியிருக்கான்?"

"இப்பத்தான் நாலு பேரு ஏறுனானுக. என்னப்பா?"

"எறக்கு. நான் வழுக்கலடா. வளையந்தான் வெடிச்சுச்சு, டப்புனு, கண்ணாடி கணக்கா. மொத சொன்னது பொய். எம் பொஞ்சாதி மேல சத்தியம், எறக்கு. ஏணி வழியா வேணாம், மரத்தக் கட்டிப் புடிச்சு எறங்கச் சொல்லு!"

போனுக்குள் ராக்கையா கத்துவது கேட்டது. ஏய், ஏணில கால வெக்காதீக, மரத்தப் புடிங்கடா. ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். கிளைகள் முறிந்தன. பவித்ரா போனைக் கன்னையனின் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றாள். ஒருத்தன் இறங்கிட்டான் என்றார் ராக்கையா. பிறகு ரெண்டு. மூன்றாமவன் இறங்கும்போது யாரோ ஏணியைத் தட்டிவிட்டிருக்க வேண்டும், அது கீழே விழுந்த சத்தமும், தொடர்ந்து சடசடவென்று ஏதோ தெறித்த சத்தமும் போனில் தெளிவாகக் கேட்டன.

"யாத்தே" என்றார் ராக்கையா, ஒரு வழியாக. "விழுந்த வேகத்துல நாலு வளையம் தூள் தூளாப் போச்சுப்பா. ஆள் எல்லாரும் எறங்கியாச்சு. மத்த தோட்டத்துக்கு நான் சொல்றேன். ஆத்தாகிட்டச் சொல்லு, நேத்து நான் பேசுனத மனசுல வெச்சுக்க வேணாம்னு."

கன்னையன் கண்ணை மூடிக்கொண்டார். பவித்ரா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய காலைப் பிடித்துவிட்டாள். முதல் வேலையாக எஸ்டேட் ஆபீசில் அந்தப் பேப்பரை மாற்றி எழுதவேண்டும் என்றாள். தான் கையெழுத்துப் போட்ட சீட்டுகளையும் 'பவிக்கு' என்று எழுதிய டப்பாவையும் தானே அங்கே கொண்டுபோய்க் கொடுக்கப்போவதாகச் சொன்னாள். வேலை போனால் போகட்டும். சந்திரவல்லி அப்போதுதான் முதல் தடவையாக அவள் தோளைத் தொட்டாள்.

ஒன்பது மணிக்கு விஜயபாண்டி வந்தான். ஒரு கையில் கஞ்சி வாளி, இன்னொரு கையில் பழப்பை. "மாமா, ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவன் பவித்ராவைப் பார்த்து நின்றான். கன்னையன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். விஜயபாண்டியின் சட்டைப்பையில் போன் அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. மலையிலிருந்துதான். அவன் எடுக்கவில்லை.

"வெளிய வா பவி. பேசணும்."

தாழ்வாரத்தில் அவன் கண் கலங்கியிருந்தது. நடிப்பென்று அவளால் சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை. "தப்புதான். காலத் தொட்டு வேணாலும் கேக்கறேன். ஒனக்காக எங்கப்பா மூஞ்சியிலயே முழிக்காம இருந்தவன் நானு. வீட்டுக்கு வா. ரெண்டு பேரும் உக்காந்து பேசி எதாவது வழி பண்ணுவோம்."

கல்யாணமான இந்த ஏழு வருஷத்தில் பவித்ரா அவனை ஒருமையில் பேசியதில்லை.

"ரப்பர நீ எடுத்தத என்னைக்காவது ஒருநா மறந்தாலும் மறந்துருவேன்" என்றாள். "என்னயப் பைத்தியக்காரி மாதிரி ஊரு பூரா சொன்னதயும் மறப்பேன். இடுப்பொடிஞ்சு கெடந்த மனுசனுக்கு, நீ ஒடைச்ச மனுசனுக்கு, கொட்டையெடுத்து ஊட்டிவிட்டுட்டுப் பொய்ய வாங்கிட்டு வந்தியே. அந்தக் கையால எனக்கு எத்தன நாள் ஊட்டியிருக்க?"

விஜயபாண்டி பழப்பையைக் கீழே வைக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை. அவள் வார்டுக்குள் திரும்பிப் போய், கன்னையனுக்குக் கொடுக்க ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றினாள்.